ரோமில் எலக்ட்ரிக் சைக்கிள் டூர்: எங்கே லாபம், எங்கே சுமை?

ரோமில் இருந்த நான்கு நாட்களில் இரண்டு முறை கைடுடன் எலக்ட்ரிக் சைக்கிள் டூர் போனோம். முதல் டூரில் பாதி வழி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். இரண்டாவது டூர் முடிந்தபோது சைக்கிளைத் திருப்பிக் கொடுக்க மனமே வரவில்லை. ஊர் ஒன்றுதான், சைக்கிளும் ஏறத்தாழ ஒரே ரகம்தான். போன வழிதான் வேறு. இது முன்பே தெரிந்திருந்தால் முதல் டூருக்குக் கொடுத்த யூரோக்களை மிச்சம் பிடித்திருப்பேன்.

நான், மனைவி, மாமியார் என மூன்று பேர் போயிருந்தோம். மாமியாருக்கு 72 வயது, முட்டிவலி உண்டு. அதனால் நடை, பஸ், கோல்ஃப் வண்டி, சாதாரண சைக்கிள், எலக்ட்ரிக் சைக்கிள் என்று எல்லாவற்றையும் ஏதோ ஒரு காரணத்துக்காக யோசித்தோம், பெரும்பாலானவற்றில் ஏறியும் பார்த்தோம்.

முதலில் ஊரின் அளவைப் புரிந்துகொள்வது நல்லது. பழைய ரோமைச் சுற்றிப் பேரரசர் ஔரேலியன் கி.பி. 271-இல் கட்டத் தொடங்கிய மதிலில் பெரும்பகுதி இன்னும் நிற்கிறது. நீளம் சுமார் 19 கிலோமீட்டர். கேட்டால் பெரிய ஊராகத் தெரியும். ஆனால் படங்களில் நாம் பார்த்துப் பழகிய இடங்களில் பாதி, டைபர் ஆறு வளைந்து திரும்பும் ஒரு மூலையில் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. நவோனா சதுக்கத்திலிருந்து பாந்தியன் என்ற பழங்காலக் கோயிலுக்கு ஐந்து நிமிட நடை. அங்கிருந்து ட்ரெவி நீரூற்றுக்குப் பத்து நிமிடம். ட்ரெவியிலிருந்து ஸ்பானியப் படிகளுக்கு இன்னொரு பத்து நிமிடம். இந்த மூலைக்குள் சுற்றுவதற்கு மோட்டார் வைத்த வாகனம் எதற்கு?

எங்கள் முதல் டூர் இந்த மூலைக்குள்தான் சுற்றியது. மூன்று மணி நேரம், எட்டுப் பேர், ஒரு கைடு. ட்ரெவியை நெருங்கும்போதே கூட்டம் தெருவை அடைத்துவிட்டது. கைடு கையைத் தூக்கினார், எல்லோரும் இறங்கினோம். எலக்ட்ரிக் சைக்கிள் ஒன்று 20 முதல் 25 கிலோ வரை இருக்கும். அதைச் செல்ஃபி எடுப்பவர்களின் கால்களுக்கு நடுவே, ஒருவர் குதிகாலிலும் படாமல் உருட்டிப் போவது தனி வித்தை. நீரூற்றை ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்தபடிதான் பார்த்தேன். காசு போடும் சடங்குக்கு மனைவி போனாள், நான் இரண்டு சைக்கிளையும் பிடித்துக்கொண்டு காவல் நின்றேன்.

அப்புறம் அந்தக் கற்கள். ரோமின் பழைய தெருக்களில் பதித்திருக்கும் கறுப்புக் கல்லைச் சாம்பியெத்ரீனி என்கிறார்கள். எரிமலைக் குழம்பு இறுகிய பாறையிலிருந்து வெட்டியது. மேல்பக்கம் உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய சதுரமாகத் தெரியும், உள்ளே ஆணி போல நீண்டு இறங்கியிருக்கும். இரண்டு கல்லுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி. நூற்றாண்டுகளாகக் கால் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாகிவிட்டது. மெல்லிய டயரில் இதன் மேல் போனால் பல் கிட்டும், ஹேண்டில்பாரைப் பிடித்த கை மணிக்கட்டு வரை மரத்துப்போகும். மழை தூறிவிட்டால் எண்ணெய் கொட்டியது போல வழுக்கும். கண் தரையை விட்டு நகராது. தலைக்கு மேல் அரண்மனையும் தேவாலய முகப்பும் கடந்து போகும், நாம் கல்லை எண்ணிக்கொண்டிருப்போம்.

கைடு சொல்லும் கதையும் ஓட்டும்போது காதில் விழாது. கோழிக்குஞ்சு மாதிரி ஒருவர் பின் ஒருவராகப் போகும் வரிசையில் அவர் முதல் ஆள், நான் கடைசி. நிற்கும் இடத்தில்தான் பேச்சு, நிற்கும் இடமோ ஐந்தாறுதான். சில டூர்களில் காதில் மாட்டும் ரேடியோ தருகிறார்கள். அப்படித் தந்தாலும் போக்குவரத்துக்கு நடுவே ஒரு காதைக் கதைக்கு ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதனால் ஆற்று வளைவுப் பகுதிக்கு நடைதான். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. நடந்து கூட்டிப்போகும் கைடு ஒரு சந்து முனையில் சட்டென்று நின்று, பழைய வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்று குறித்துச் சுவரில் பதித்த கல்லைக் காட்டி ஒரு கதை சொல்வார், அடுத்த நிமிடம் நகர்ந்துவிடலாம். பாந்தியனுக்குள் போய், 43 மீட்டர் அகலக் குவிமாடத்தின் நடுவே வானம் தெரியும் வட்டத் துளைக்குக் கீழே அண்ணாந்து நிற்கலாம். எங்கள் சைக்கிள் டூர் வாசலோடு திரும்பியது. உள்ளே போக 2023 ஜூலையிலிருந்து டிக்கெட் வேண்டும், எட்டுச் சைக்கிளுக்குக் காவலும் வேண்டும். கொலோசியத்துக்கும், பழைய ரோமின் பொதுச் சதுக்கமான ரோமன் ஃபோரத்துக்கும் இதே கதைதான். சைக்கிள் டூரில் வெளியிலிருந்து பார்ப்பதோடு சரி. ‘கொலோசியம்’ என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் உள்ளேயா வெளியேயா என்று கேட்டுவிடுங்கள்.

ஃபோரத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அதன் ஓரத்தில் பேரரசர் மக்ஸென்டியஸ் கட்டத் தொடங்கிய மாபெரும் மண்டபத்தின் மூன்று வளைவுகள் நிற்கின்றன. அந்த மண்டபம் எழுந்த இடத்தில் அதற்கு முன் இருந்தது, பேரரசர் டொமிஷியன் காலத்து மிளகுக் கிடங்கு. முசிறித் துறையிலிருந்து கப்பலேறிய கறுப்பு மிளகு கடைசியில் வந்து சேர்ந்த இடங்களில் ஒன்று. தமிழ் பேசும் ஒருவர் அந்த இடத்தில் ஐந்து நிமிடம் சும்மா நிற்க வேண்டும். சைக்கிளை உள்ளே விடமாட்டார்கள், நடந்து போனால்தான் உண்டு.

சரி, எலக்ட்ரிக் சைக்கிள் எங்கே தேவைப்படுகிறது?

முதல் காரணம் மேடு. ஏழு குன்று நகரம் என்பது வெறும் பட்டப்பெயர் இல்லை. அந்த ஏழில் சேராத எட்டாவதாக ஆற்றுக்கு மேற்கே ஜனிகோலோ குன்று வேறு இருக்கிறது. ட்ராஸ்தேவெரே பகுதியிலிருந்து அதன் மேல் ஏறும் சாலை, நடந்து போனால் வெயிலில் நாக்கு வறளும் ஏற்றம். சாதாரண சைக்கிளில் நான் பாதியில் இறங்கியிருப்பேன். எலக்ட்ரிக் சைக்கிளில் பெடலை அழுத்தியதும், சின்ன வயதில் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவந்த அப்பாவின் கை மாதிரி ஏதோ ஒன்று தள்ளியது. மூச்சு வாங்காமல் மேலே போய்ச் சேர்ந்தோம். 1612-இல் கட்டிய ஆக்வா பவோலா நீரூற்றில் முகம் கழுவாத குறையாக நின்றுவிட்டு, கரிபால்டி சிலை இருக்கும் மேடைக்குப் போனோம். அந்த மேடைக்குக் கீழே தினமும் நண்பகல் 12 மணிக்குப் பீரங்கி வெடிக்கும். ஊரின் தேவாலய மணிகள் ஆளுக்கொரு நேரத்தில் அடித்துக்கொண்டிருந்ததை ஒழுங்குபடுத்த 1847-இல் ஒன்பதாம் பயஸ் போப் தொடங்கிய வழக்கம் அது. 1904 முதல் இந்தக் குன்றிலிருந்து சுடுகிறார்கள். எதிர்பாராமல் கேட்டால் தூக்கிவாரிப் போடும். என் மனைவிக்குப் போட்டது.

அவென்டைன் குன்றும் இதே கணக்குதான். மேலே ஆரஞ்சு மரத் தோட்டம், அதற்கு அப்பால் மால்டா வீரர் சபையின் பச்சைக் கதவு. கதவின் சாவித் துவாரத்தில் கண்ணை வைத்தால் செடிவேலிகளுக்கு நடுவே, நூல் பிடித்தது போலப் புனித பீட்டர் தேவாலயக் குவிமாடம் தெரியும். பார்ப்பது பத்து விநாடி, வரிசையில் நிற்பது அரை மணி நேரம். கைடு காலையிலேயே கூட்டிப்போனால் தப்பிக்கலாம்.

இரண்டாவது காரணம் தூரம். எங்கள் இரண்டாவது டூரே அதுதான்: வியா அப்பியா, அதாவது அப்பியன் சாலை. கி.மு. 312-இல் அப்பியஸ் கிளாடியஸ் என்ற ரோமானிய அதிகாரி போடத் தொடங்கி, பிற்பாடு தெற்கே பிரிந்திசித் துறைமுகம் வரை நீண்ட ராணுவச் சாலை. 2024-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மதிலின் புனித செபாஸ்டியன் வாயிலிலிருந்து தொடங்கினால் சிசிலியா மெத்தெல்லா என்ற ரோமானியச் சீமாட்டியின் உருளை வடிவக் கல்லறைக்கே மூன்று கிலோமீட்டர் ஆகிவிடும். சாலையின் உண்மையான அழகு அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது: குடை விரித்த பைன் மரங்கள், சைப்ரஸ், இரண்டு பக்கமும் இடிந்த கல்லறைகள். ரோமானியச் சட்டம் ஊருக்குள் பிணம் புதைக்க விடாது, அதனால் வசதியானவர்கள் போகிறவர் வருகிறவர் கண்ணில் படும்படி சாலையோரத்தில் கட்டிக்கொண்டார்கள். நடந்தால் போய்வரவே ஒரு முழு நாள் போய்விடும்.

இங்கேதான் கைடின் அருமை தெரிந்தது. அப்பியாவின் முதல் சில கிலோமீட்டர் குறுகலானது. இரண்டு பக்கமும் உயர்ந்த மதில் சுவர், ஓரம் ஒதுங்க இடம் கிடையாது, காரும் பஸ்ஸும் உரசிக்கொண்டு போகும். ஞாயிற்றுக்கிழமைகளில் கார்களுக்குத் தடை என்பார்கள், அதை எல்லா ஓட்டுநரும் மதிக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. எங்கள் கைடு அந்தப் பகுதியைத் தொடாமல் கஃபாரெல்லா பூங்கா வழியாகச் சுற்றிக் கூட்டிப்போனார். பூங்கா என்ற பெயர்தான், உள்ளே போனால் கிராமம். மண் பாதையில் ஒரு ஆட்டுமந்தை குறுக்கே வந்தது. நாய் ஒன்று எங்களை முறைத்துக்கொண்டு நிற்க, கடைசி ஆடு தாண்டும் வரை காத்திருந்தோம். ரோம் மாநகர எல்லைக்குள் இப்படி ஒரு காட்சி கிடைக்கும் என்று எந்த வரைபடமும் எனக்குச் சொல்லவில்லை.

பழைய கல் பாவிய பகுதி வந்ததும் எல்லோரும் வேகத்தைக் குறைத்தோம். சாம்பியெத்ரீனியை இங்கே குழந்தை என்றே சொல்லலாம். அப்பியாவின் மூலக் கற்கள் ஒவ்வொன்றும் அம்மிக்கல்லைவிடப் பெரியது, பலகோண வடிவம். சிலவற்றில் வண்டிச் சக்கரம் உருண்டு உருண்டு பதிந்த தடம், கை வைத்தால் நாலு விரல் படுக்கும் பள்ளமாக இருக்கிறது. அதில் சைக்கிள் ஓட்டுவது வீரம் இல்லை, முட்டாள்தனம். சாலை ஓரத்தில் சைக்கிள்காரர்களே மிதித்து உண்டாக்கிய ஒற்றையடி மண்பாதை ஒன்று கூடவே ஓடும், அதில்தான் எல்லோரும் போகிறார்கள். கொஞ்ச தூரம் ஆசைக்காகக் கல்லில் ஓட்டிப் பார்த்தேன். முன்பக்கம் ஷாக் அப்சார்பரும் அகல டயரும் இருந்தும் பையிலிருந்த தண்ணீர் பாட்டில் எகிறி விழுந்தது.

திரும்பும் வழியில் நீர்ப்பாலங்களின் பூங்கா. கி.பி. 52-இல் பேரரசர் கிளாடியஸ் முடித்த நீர்ப்பாலத்தின் வளைவுகள் வயல்வெளி நடுவே வரிசையாக நிற்கின்றன. பம்பும் கிடையாது, மோட்டாரும் கிடையாது. மலையூற்றுத் தண்ணீரைக் கண்ணுக்குத் தெரியாத சரிவிலேயே ஓடவிட்டு ஊருக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். இருபது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியிருந்தோம். கால் வலிக்கவில்லை. உட்காரும் இடம் மட்டும் இரண்டு நாள் வலித்தது.

எலக்ட்ரிக் சைக்கிள் என்றால் நம் ஊர் மின் ஸ்கூட்டர் போல முறுக்கினால் ஓடும் என்று நினைத்துப் போகவேண்டாம். ஐரோப்பிய விதிப்படி மோட்டார் 250 வாட்டுக்கு மேல் போகாது, பெடல் மிதித்தால்தான் உதவும், மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டினால் உதவி நின்றுவிடும். மிதிப்பதை உணரும் விதத்தில் இரண்டு ரகம் உண்டு. பெடல் சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கும் ரகம், லேசாகக் காலை அசைத்ததுமே வெடுக்கென்று முன்னே பாயும். காலின் அழுத்தத்தை அளக்கும் ரகம், எவ்வளவு மிதிக்கிறோமோ அதற்கேற்பத் தள்ளும். முதல் டூரில் கிடைத்தது பாயும் ரகம். ஒரு சந்துத் திருப்பத்தில் அது முன்னால் நின்ற ஜெர்மன்காரரின் முதுகுப்பையில் என்னைக் கொண்டுபோய் மோதவிட்டது. அவர் சிரித்தார், எனக்குத்தான் முகம் போனது. புக் செய்யும்போது எந்த ரகம் என்று கேட்பதில் தப்பே இல்லை. பதில் சொல்லத் தெரியாத கடையாக இருந்தால் அதுவே ஒரு பதில்தான்.

நம்மவர்களுக்கு இன்னொரு சிக்கல், வண்டிகள் வலப்பக்கம் ஓடும் ஊர் அது. நேராகப் போகும்போது மறக்காது, சிக்னலில் இடது பக்கம் திரும்பும்போது கை தானாகத் தவறான பக்கம் போகும். வரிசையில் முன்னால் ஒருவர் போவதால் கைடு டூரில் இந்த ஆபத்து பாதியாகக் குறைகிறது. எந்தப் பக்க நெம்புகோல் முன் பிரேக் என்பதையும் கடை வாசலிலேயே சோதித்துவிடுங்கள், இறக்கத்தில் கண்டுபிடிக்கும் விஷயம் அல்ல அது. வெனிஸ் சதுக்கத்திலிருந்து ட்ராஸ்தேவெரே பக்கம் போனால் டிராம் தண்டவாளம் வரும். அதைக் குறுக்காகக் கடக்க வேண்டும், இணையாகப் போனால் டயர் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும்.

கைடு இல்லாமல் தனியாக வாடகைக்கு எடுத்தால் என்ன? ஊர் முழுக்க ஆப் மூலம் திறக்கும் மின் சைக்கிள்கள் நிற்கின்றன. ஆற்றங்கரையில் அரை மணி நேரம் சுற்ற அது போதும். அப்பியாவுக்கு அவற்றை நம்பிப் போகமாட்டேன். நிறுத்த அனுமதிக்கும் எல்லை எங்கே முடிகிறது என்று ஆப்பில் பார்த்துக்கொண்டே ஓட்டவேண்டும், பேட்டரி எவ்வளவு மிச்சம் என்ற கவலையும் சேர்ந்துகொள்ளும். செலவு குறைய வேண்டும், வழி கேட்டுப் போகத் தயக்கமில்லை என்பவர்கள் 118-ஆம் எண் பஸ்ஸில் அப்பியா வரை போய், அங்கேயே மணிக்கணக்கில் சைக்கிள் வாடகைக்கு எடுக்கலாம். முதலில் வரும் அந்த மோசமான குறுகல் பகுதியைப் பஸ் பார்த்துக்கொள்ளும். கதை சொல்ல ஆள் இல்லை என்பது மட்டும்தான் குறை. அங்கே சாதாரண சைக்கிளே போதுமானது, சாலை பெரும்பாலும் சமதளம். மேட்டுக்காகத்தான் மோட்டார், தூரத்துக்காக அல்ல என்று தோன்றினால் இந்த வழி உங்களுக்கானது.

ஏறி இறங்கும் இரண்டடுக்கு பஸ்ஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பழைய மையத்தின் குறுகிய தெருக்களுக்குள் அது நுழையவே முடியாது. பெரிய சாலைகளில் சுற்றி, பார்க்கவேண்டிய இடத்துக்கு நாலு தெரு தள்ளி இறக்கிவிடும்.

மாமியாருக்குக் கோல்ஃப் வண்டி எடுத்தோம். ரோமில் அது இப்போது பெரிய தொழில். ஓட்டுபவரே கைடு, பேட்டரி வண்டி, நாங்கள் எடுத்தபோது கார்களுக்குத் தடையுள்ள மையத் தெருக்களிலும் போனது. ஆளுக்குக் கணக்குப் போட்டால் சைக்கிள் டூரைவிட அதிகம்தான், ஆனால் நாலைந்து பேராகச் சேர்ந்து எடுத்தால் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஜனிகோலோவுக்கும் அவென்டைனுக்கும் ஏறிவிடும். அப்பியாவின் கல் பகுதியில் அது சரிப்படாது. சைக்கிளே ஓட்டத் தெரியாதவர், ஓட்டிப் பத்து வருடம் ஆனவர், முட்டிவலிக்காரர் ஆகியோருக்கு நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். எலக்ட்ரிக் சைக்கிள் கால்வலியைக் குறைக்கும், பேலன்ஸைக் கற்றுக்கொடுக்காது.

என் கையில் மறுபடி ரோமுக்கு மூன்று நாள் கிடைத்தால் முதல் நாள் மையத்தை நடந்தே பார்ப்பேன், காலையில் கைடுடன், மாலையில் தனியாக. இரண்டாம் நாள் கொலோசியமும் ஃபோரமும். மூன்றாம் நாள் அப்பியாவுக்கு எலக்ட்ரிக் சைக்கிள் டூர், காலை முதல் வேளை. ஜூலை, ஆகஸ்டில் பதினொரு மணிக்கு மேல் அந்தச் சாலையில் நிழல் போதாது. இரண்டு குன்றையும் சேர்த்துச் சுற்றும் டூர் கிடைத்து, மையத்தில் அது அரை மணி நேரத்துக்கு மேல் செலவழிக்கவில்லை என்றால் அதையும் பரிசீலிப்பேன். எதுவானாலும் பணம் கட்டுமுன் வழித்தட வரைபடத்தை அனுப்பச் சொல்வேன். நவோனா, பாந்தியன், ட்ரெவி மூன்றும் மட்டுமே இருந்தால் அந்த டூர் வேண்டாம். ஒரு கைடுக்குப் பத்துப் பேருக்கு மேல் என்றாலும் வேண்டாம். ஹெல்மெட் கேட்டு வாங்கிக்கொள்வேன். பெரியவர்கள் சைக்கிளில் ஹெல்மெட் போட வேண்டும் என்று இத்தாலியில் கட்டாயம் இல்லாததால் சில கடைகளில் தாமாக எடுத்துத் தருவதில்லை.

தண்ணீர் பாட்டில் மட்டும் ஒன்று போதும். தெருவெங்கும் இரும்புத் தூண் போல நிற்கும் குழாய்கள் உண்டு, வளைந்த மூக்கிலிருந்து நாள் முழுக்கக் குளிர்ந்த குடிநீர் கொட்டும். ஊரில் சுமார் 2,500 இருக்கின்றன. கோல்ஃப் வண்டியை எங்கள் ஓட்டுநர் ஒரு குழாய் அருகே நிறுத்தி, மூக்கின் வாயை விரலால் அடைத்துக் காட்டினார். மூக்கின் மேல்பக்கத்துச் சின்னத் துளையிலிருந்து தண்ணீர் வில்லாக வளைந்து நேராக வாய்க்கு வந்தது. மாமியார் இறங்கி இரண்டு முறை செய்து பார்த்தார். பிறகு என்னிடம், “மாப்பிள்ளை, நீங்க ரெண்டு பேரும் சைக்கிள்ல எங்க வேணும்னாலும் போயிட்டு வாங்க, நான் இங்கயே உக்காந்திருக்கேன்” என்றார்.